பதினாலு பச்சைக் குல்லா

நவம்பர் பிறந்தால் மைனி வீட்டுச் சுவரில் ஆணிகள் கூடும். முதல் வாரம் இரண்டு, அடுத்த வாரம் நான்கு, டிசம்பர் தொடங்குவதற்குள் ஏழெட்டு. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு துணிக்கடைப் பை தொங்கும். ஒவ்வொரு பைக்குள்ளும், கிறிஸ்மஸுக்குள் தருகிறேன் என்று யாருக்கோ ஒப்புக்கொண்ட ஒரு வேலை இருக்கும். ஒன்றில் பாதி மஃப்ளர். ஒன்றில் ஒற்றைக் கால் சாக்ஸ். இன்னொன்றில் கிராஸ் ஸ்டிச் போடுகிற மேட்டித் துணியும், அதில் மூன்று முனை மட்டும் முடிந்த பெத்லகேம் நட்சத்திரமும். தேயிலைத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். கட்டில் போக மிச்சமிருந்த சுவரையெல்லாம் பைகள் பிடித்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர் இங்கே ஏதோ பை வியாபாரம் நடக்கிறது என்றுதான் நினைப்பார்.

வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் அரை மணி நேரம் ஏறினால் எங்கள் எஸ்டேட் வரும். நான் அங்கே அங்கன்வாடி டீச்சராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓய்வுநாள் பள்ளிக்கும் நானே டீச்சர். மைனி எனக்கு இரண்டு வீடு தள்ளி. உறவெல்லாம் கிடையாது. அவர் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அதனால் இவர் மைனி ஆனார். கொழுந்து எடுக்கிற வேலை. வயது அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

ஒரு வேலையை எடுத்தால் அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவதுதான் ஊர் வழக்கம். மைனிக்கு அது ஆகாது. ஒரு பையை எடுத்துப் பத்து வரிசை பின்னுவார். ஊசியோடு சுருட்டிப் பைக்குள் வைத்து மாட்டிவிட்டு அடுத்த பையை எடுப்பார். கிராஸ் ஸ்டிச்சாக இருந்தால் ஊசியில் கோத்த நூல் தீரும்வரை. எல்லாம் சேர்ந்தாற்போல வளர வேண்டும் அவருக்கு.

"ஏன் மைனி இப்படி? ஒண்ண முடிச்சிட்டு இன்னொண்ணு எடுத்தா என்ன?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஒருத்தருக்கே போட்டுக்கிட்டு இருந்தா மத்தவுகள மறந்துட்டோம்னு ஆயிரும் டீச்சர். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கணும்."

"அவங்க என்ன, வந்து உங்க சுவத்தப் பாக்கவா போறாங்க?"

"நான் பாக்கேன்ல."

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

கொழுந்து எடுக்கிற கைக்குக் கறை உண்டு. கத்தரி வைத்து வெட்ட ஆரம்பித்த பிறகு கொஞ்சம் குறைந்ததே தவிர போகவில்லை. விரல் நுனியும் நகக்கண்ணும் கறுத்துக் கிடக்கும். அந்தக் கையால் வெள்ளை நூலைத் தொட்டால் பழுப்பு ஏறிவிடும். அதனால் திங்கள் முதல் சனி வரை மைனி எடுப்பது கருநீலம், மெரூன், கரும்பச்சை. ஞாயிறு காலையில் எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்ப்பார். ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்ட கை ஈரம் காய்ந்த பிறகு வெள்ளை வேலை. கைக்குழந்தைக் காலுறை, சபையின் ஆல்டர் மேசைக்குப் போடுகிற விரிப்பு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வளரும். கிறிஸ்மஸுக்கு முன்னால் வருகிற நான்கு ஞாயிறுகளையும் அவர் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஞாயிறு மதியம் யாராவது சும்மா பேச வந்து உட்கார்ந்துவிட்டால் மைனியின் கண் சுவரில் தொங்கும் பைகளுக்கே போய்ப் போய் வரும். ஆனால் போங்கள் என்று சொல்லமாட்டார்.

அதுதான் விஷயம். அவருக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. ஓய்வு பெற்ற சூப்பர்வைசர் வருவார், காதை மூடுகிற மாதிரி மஃப்ளர் வேண்டும் என்பார். "ஆகட்டும்." சபை உபதேசியார் வருவார், ஆல்டர் விரிப்பில் நான்கு மூலையிலும் நட்சத்திரம் வேண்டும் என்பார். "ஆகட்டும்." எதிர் லயத்துப் பெண் போனில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி குழந்தைக்கு வேண்டும் அக்கா என்பாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண்ணியை எண்ணிவிட்டு அதற்கும் ஓர் "ஆகட்டும்". சில பேர் டிசம்பர் இருபதாம் தேதி வந்து கேட்பார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான்.

வருகிறவருக்கு இடம் பண்ண வேண்டுமென்றால் சுவரிலிருந்து ஒரு பை இறங்க வேண்டும். இறங்குவது எப்போதும் வீட்டு ஆட்களின் பை.

"வீட்டு ஆளு எங்க போயிருவாக? கிறிஸ்மஸ் போனா நியூ இயர். சாரமில்ல," என்பார். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் சொல்கிற சொல்தான். ஆனால் மைனி வாயில் அது வீட்டு ஆட்களுக்கென்றே ஒதுக்கி வைத்த சொல்.

அவருக்கு ஒரே மகள். பெங்களூரில் நர்ஸாக இருந்தாள். அவளுடைய நிச்சயதார்த்தத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் ஜீப்பில் ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள். மைனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஃபீல்டு ஆபீசர் வீட்டு மேசை விரிப்புக்குக் கடைசிப் பூவைக் கிராஸ் ஸ்டிச் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆபீசர் வீட்டம்மா மறுநாள் ஊருக்குப் போகிறார், கொடுத்தாக வேண்டும். பெண்ணின் ரவிக்கைக் கைக்கு ஓரம் அடிக்க நேரமில்லை. நான்தான் சேஃப்டி பின் குத்திவிட்டேன். மகள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் பக்கத்து வீட்டுல பொறந்திருக்கணும் டீச்சர். இந்நேரம் எனக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும்."

அங்கே இருந்த எல்லோரும் சிரித்தோம். மைனியும் ஊசியைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

அண்ணன் வேறு ரகம். எதையும் கேலி பண்ணித்தான் கடப்பார். ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்திலேயே முப்பது வருடம் நின்றவர். ஓய்வு பெற்று வரும்போது நெஞ்சில் ஒரு இழுப்பையும் வாங்கிக்கொண்டு வந்தார். குளிர் தாங்காது. மத்தியான வெயிலிலும் எஸ்டேட்டில் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுவதாக மைனி எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் ஊசியில் கண்ணி ஏற்றித் தொடங்குவார். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தப் பை இறங்கிவிடும். நூல் வேறு யாருக்காவது மஃப்ளராகப் போகும்.

"நம்ம ஸ்வெட்டருக்கு வயசாகிட்டே போகுது டீச்சர். இந்த வருசமும் வரலைன்னா அடுத்த வருசம் ஒரு நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் கொடுத்துரலாம்," என்பார். பாதியில் இருமல் வந்துவிடும். இருமல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து சிரிப்பார்.

மைனி தவறிப்போய்விட்டார் என்று போன மழைக்காலத்தில் மகள் போன் செய்தாள். அண்ணன் போன பிறகு மைனி பெங்களூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். நான் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. மகள் சொன்னாள்: "எங்க ஃபிளாட்டுல எத்தன பேர் கேட்டாங்க தெரியுமா டீச்சர்? ஒருத்தருக்கும் போட்டுத் தரல. முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. எனக்கும் புள்ளைங்களுக்கும் மட்டும் பின்னிக்கிட்டே இருந்தாங்க. பீரோ நெறைய ஸ்வெட்டரா இருக்கு. பெங்களூர்ல எத்தனையத்தான் போடுறது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். நான் என்ன ஆறுதல் சொன்னேன் என்று நினைவில்லை. நான் சொல்ல வேண்டியிருந்தது மைனியிடம். அதற்கு இனி வழியில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இது நடந்தது அண்ணனுடைய கடைசி வருடம். கோட்டயத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். குளிர்காலத்தில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். வருகிற வழியிலேயே மைனி வண்டிப்பெரியாரில் ஜீப்பை நிறுத்தி, கடையில் இருந்த கரும்பச்சை நூல் முழுவதையும் வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கதவை ஒட்டி முதல் ஆணியை அடித்தார்.

"இந்த வருசம் மொதல்ல அவுகளுக்குத்தான் டீச்சர். யாரு வந்தாலும் சரி."

நவம்பர் முடிவதற்குள் முதுகு முடிந்தது, முன்பக்கம் முடிந்தது, ஒரு கை முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் அதை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "இன்னும் ஒண்ணரைக் கைதான் பாக்கி. இப்பவே போட்டுக்கிட்டுப் போனா போலீஸ் புடிக்குமா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் நான் போனேன்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தோற்பது பிடிக்காது. எஸ்டேட் சபைகளுக்குள் வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கேரல் பாட்டுப் போட்டி நடக்கும். அதற்கு முந்தின வருடம் கீழ் எஸ்டேட்டுப் பிள்ளைகள் ஒரே மாதிரி சிவப்புச் சால்வை போட்டு வந்து கேடயத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். பாட்டில் தோற்கவில்லை, சால்வையில்தான் தோற்றோம் என்று வருடம் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகள் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் பச்சைக் குல்லா வேண்டும். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மைனி சுவரைப் பார்த்தார். எட்டுப் பைகள் தொங்கின. சூப்பர்வைசர் மஃப்ளர், எதிர் லயத்துக் குழந்தையின் காலுறை, ஆல்டர் விரிப்பு எல்லாம் அரையும் குறையுமாக இருந்தன.

"பச்ச நூலு கடையில இல்லையே டீச்சர். இருந்தத நான் வாங்கிட்டேன். செவப்பு இருக்கு. செவப்புல போட்டா ஆகாதா?"

"போன வருஷம் அவங்க போட்டது சிவப்பு மைனி. நம்மளும் அதையே போட்டா பாத்து காப்பியடிச்ச மாதிரி இருக்கும். பச்சைதான் வேணும்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மைனி கொஞ்ச நேரம் விரலில் நூலைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகட்டும் டீச்சர்," என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அங்கன்வாடி முடிந்து அந்த வழியாக வந்தேன். அண்ணன் வாசற்படியில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டையும் சேர்த்துப் பச்சை நூல் சிட்டமாகச் சுற்றியிருந்தது. மைனி எதிரில் உட்கார்ந்து அதை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அண்ணன் கைகளைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க டீச்சர், வெலங்கு மாட்டி உக்கார வெச்சிருக்கா. என்ன குத்தம் பண்ணினேன்னு நீங்களாவது கேளுங்க."

நான் சிரித்தேன். நூலையும் பார்த்தேன். கடையில் வாங்கிய புது நூல் நேராக இருக்கும். ஒருமுறை பின்னிப் பிரித்த நூல் அப்படி இருக்காது. கண்ணி விழுந்த இடமெல்லாம் சுருட்டை சுருட்டையாக நிற்கும். இந்த நூல் சுருட்டையாக இருந்தது. கதவோரத்து முதல் ஆணி மொட்டையாக இருந்ததையும் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை. பிரிக்காதீர்கள், சிவப்பே போதும் என்று அந்த இடத்தில் நின்று சொல்லியிருக்கலாம். அதுவரை பிரிந்தது ஸ்வெட்டரில் ஒரு பாகமாகத்தான் இருக்கும். நான் சொல்லவில்லை. எனக்குப் பச்சை வேண்டியிருந்தது. "பாவம் மைனி, விட்டுருங்க அண்ணன," என்று நானும் ஒரு கேலி பேசிவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தேன்.

சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே பதினான்கு குல்லாவும் வந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குஞ்சம். நூல் எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கேடயம் எங்களுக்குத்தான். திரும்பி வருகிற ஜீப்பைப் பிள்ளைகள் மைனி வீட்டு முன்னால் நிறுத்தச் சொல்லி, குல்லாவோடு இறங்கி வரிசையாக நின்று பாடினார்கள். வெயில் தாழ்ந்து குளிர் இறங்க ஆரம்பித்திருந்தது. அண்ணன் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று கேட்டார். கை தட்டுவதற்காகக் கம்பளியை விட்டார். அது தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மைனி ஓடிவந்து எடுத்துப் போர்த்தினார். "இரு, புள்ளைக பாடி முடிக்கட்டும்," என்றார் அவர்.

மறுவாரம் வியாழக்கிழமை காலையில் அண்ணன் போய்விட்டார். இரண்டு நாள் காய்ச்சல், இழுப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வந்து நின்றபோது மூச்சில்லை. நுரையீரல் ஏற்கனவே முடிந்துபோயிருந்தது, ஒரு ஸ்வெட்டரால் ஒன்றும் ஆகியிருக்காது என்று பிற்பாடு டிஸ்பென்சரி கம்பவுண்டர் சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்கும். எனக்கு அது போதவில்லை.

சாவு வீட்டில் எதிர் லயத்துப் பெண்தான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி அழுதாள். "முடியப்போற ஸ்வெட்டரப் பிரிச்சுப் பிள்ளைகளுக்குக் குல்லா போட்டுக் குடுத்தியே அக்கா, அண்ணன் அதப் போடாமலே போயிட்டாரே." அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அங்கிருந்து எழுந்து போனேன். லயம் லயமாக ஏறி இறங்கிப் பதினான்கு வீட்டிலும் குல்லாவைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. கொண்டுபோய்க் கொடுத்தால் ஏதோ சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம்.

மைனி அண்ணனுடைய தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் மடியில் கொண்டுபோய் வைத்த குல்லாக்களைப் பார்த்தார்.

"புள்ளைக தலையில இருந்து ஏன் கழட்டினீங்க?"

"மைனி, இது அண்ணனுக்கு…"

"அவுகளுக்கு இனி என்ன குளிரு. திரும்பக் கொண்டுபோய்க் குடுத்துருங்க டீச்சர். நேரமாகுது, பனி எறங்கிரும்."

நான் மறுபடியும் பதினான்கு வீடும் ஏறினேன். ஏன் வாங்கினீர்கள், ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், குஞ்சத்தைச் சரிபண்ண வாங்கினேன் என்று சொன்னேன்.

பெங்களூரிலிருந்து மகள் வந்து சேர்ந்த பிறகு, வெள்ளிக்கிழமை மதியம் அடக்க ஆராதனை. கிறிஸ்மஸுக்கு ஐந்தாறு நாள்தான் இருந்ததால் சபையில் ஜோடனை எல்லாம் தொங்கியது. மைனி முடித்துக் கொடுத்திருந்த புது விரிப்பு ஆல்டரின் மேல் இருந்தது. அதன் முன்னால் பெட்டி. நான் பிள்ளைகளோடு பாடகர் பெஞ்சருகே நின்றேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. சூப்பர்வைசர் காதை மூடி மஃப்ளர் சுற்றியிருந்தார். எதிர் லயத்துக் குழந்தை வெள்ளைக் காலுறையை உதைத்து உதைத்து அழுதுகொண்டிருந்தது. எனக்கு முன்னால் பதினான்கு பச்சைக் குல்லா. அந்தச் சபையில் மைனி கைபட்ட ஏதாவது ஒன்று இல்லாத ஆள் அபூர்வம். பெட்டிக்குள் இருந்தவர் அந்த அபூர்வம். அவருக்கு எஸ்டேட் கம்பளியைத்தான் கால்வரைக்கும் போர்த்தியிருந்தார்கள். பிள்ளைகள் பாடினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும் ஆட்கள் கலைந்தார்கள். மகள் தகப்பனின் குழியருகே தனியாக நின்று அழுதுகொண்டிருந்தாள். மைனி அவளைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை குளிர்ந்து கிடந்தது.

"நேத்துலேர்ந்து உங்க மொகம் சரியில்ல டீச்சர். மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. பிரிச்சது நானு. உங்களுக்கு என்ன தெரியும்?"

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது மைனி," என்றேன்.

"அதான சொல்லுதேன். தெரிஞ்சிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?" என்று சொல்லி என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் ஒருவாறு அழுகையை அடக்கி முடிக்கும்வரை கூடவே நின்றார். அதற்குப் பிறகுதான் மகளிடம் போனார்.